சேறும் சோறும்: வி. சுப்பிரமணியனின் ஆராய்ச்சி வாழ்வு

கவிஞரின் வரலாற்றையும் அரசியல் தலைவரின் வரலாற்றையும் நாம் விரும்பிப் படிக்கிறோம். ஊர்க் கழிவுநீரை ஆராய்வதிலே தம் வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாறு இலக்கியப் பக்கத்துக்கு ஏற்றதா என்று வாசகர் ஐயுறக்கூடும். அக்கழிவுநீரை ஆராய்ந்த அதே மனிதர்தாம், பிற்காலத்தில் புழுங்கலரிசியின் துர்நாற்றத்தைப் போக்கும் வழியையும், வறியவர் வீட்டுக் குழந்தைக்குக் கடலை மாவிலிருந்து ஊட்டம் தேடித் தரும் வழியையும் ஆராய்ந்தார் என்று அறிந்தால் அவ்வையம் நீங்கும். சேற்றிலே தொடங்கிய அவரது கல்வி சோற்றிலே வந்து முடிந்தது. இடையிலே சாக்கடை ஒன்று குறுக்கிட்டது. அது தற்செயலாகக் குறுக்கிட்டதன்று என்பதே இக்கட்டுரையிற் கூற விரும்புவது.

வைத்தியநாத சுப்பிரமணியன் 1902ஆம் ஆண்டு பிறந்து 1979ஆம் ஆண்டு மறைந்த தென்னகத்து விஞ்ஞானி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உயிரிரசாயனப் பேராசிரியராகவும், மைசூர் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளராகவும் விளங்கியவர். அவரது பெயர் இந்தியாவின் ஆய்வுகூடங்களிலே நன்கு தெரிந்த பெயர். அக்கரைப்பற்று முதற் கல்முனை வரை, கடலோர ஊர்களுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வட்டைகளை நம்பி வாழும் எமது கிழக்குக் கரையிலோ அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. ஒலுவிலிலே ஒரு பல்கலைக்கழகம் எழுந்து, அதன் விஞ்ஞான பீடம் சம்மாந்துறை வயல்களின் அருகே இயங்கும் இக்காலத்தில், நெல்லையும் கழிவுநீரையும் ஒருசேரக் கற்ற ஒருவரை எம் மாணவர் அறிந்துகொள்வது தகும்.

அவரது முதற் பெரும் ஆராய்ச்சி வயற் சேற்றைப் பற்றியது. அதனை அவர் நிகழ்த்திய இடமோ நெல்லே விளையாத நாடு. இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1843ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கோதுமை வயல்களின் மண்ணையும் உரத்தையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது. அந்நிலையத்துக்குச் சென்ற இளைஞர் சுப்பிரமணியன், தம் நாட்டுக்குரிய வினா ஒன்றையும் உடன் கொண்டு சென்றார். நீர் தேங்கிய நிலத்தின் அடியிலே என்ன நிகழ்கிறது என்பதே அவ்வினா.

மேட்டு நிலத்து மண்ணிலே காற்றுண்டு. ஆதலால் மண்ணிலுள்ள நைதரசன் ஒட்சிசனோடு கூடி நைத்திரேற்று என்னும் உப்பாகும். கோதுமை அதனை உறிஞ்சி வளரும். அதே மண்ணின் மீது நீரைத் தேக்கினால் நிலைமை தலைகீழாகிறது. சில நாள்களுக்குள் மண்ணிலிருந்த ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. முன்பிருந்த நைத்திரேற்று சிதைந்து வாயுவாகி வெளியேறுகிறது. உக்கும் இலைதழைகளிலிருந்து அமோனியா பிறந்து சேற்றிலேயே தங்குகிறது. இம்மாற்றங்களை அளந்து, 1927ஆம் ஆண்டு இரு கட்டுரைகளாகவும், 1929ஆம் ஆண்டு மூன்றாவது கட்டுரையாகவும் அவர் வெளியிட்டார். அமோனியா பிறப்பதற்கு மண்ணிலுள்ள ஒரு நொதியமே காரணம் என்று காட்ட முயன்றதே அவற்றுட் புதுமையானது. பின்னர் ஏ. சீனிவாசன் என்னும் மாணவரோடு சேர்ந்து 1935ஆம் ஆண்டு நான்காம் பகுதியையும் எழுதினார். நெற்பயிர் பெரும்பாலும் அமோனியா வடிவிலேயே நைதரசனை உண்கிறது என்பதும், உரத்தை மேல்நீரில் வீசாது சேற்றினுட் செலுத்துவதே சிக்கனம் என்பதும் இன்று வேளாண்மை நூல்களில் எளிய பாடங்கள். அப்பாடங்களுக்கு அடித்தளமிட்டோர் வரிசையில் இவரும் ஒருவர்.

இனி, சேற்றிலிருந்து சாக்கடைக்கு வருவோம். அதற்கு மான்செஸ்டர் நகரம் வரை ஒருமுறை சென்று வரவேண்டும்.

ஆலைகள் மலிந்த அந்நகரின் கழிவுநீரைத் தூய்மையாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த இரசாயன அறிஞர் கில்பர்ட் ஃபௌலர், 1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாரன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்வையிட்டுத் திரும்பினார். கழிவுநீரினுட் காற்றைச் செலுத்தும் சோதனைகளை அங்கே கண்டு வந்த அவரது தூண்டுதலால் ஆடர்ன், லொக்கற் என்னும் இருவர் மான்செஸ்டரில் அதே சோதனையைத் தொடர்ந்தனர். போத்தலில் இட்ட கழிவுநீருக்கு ஓயாது காற்றூட்டினர். முதன்முறை அது முற்றாகத் தெளிவடைய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் சென்றன. நீரை இறுத்து, அடியிற் படிந்த சேற்றை மட்டும் எறியாது வைத்து, அதன்மேற் புதிய கழிவுநீரை ஊற்றினர். இம்முறை விரைவிலே தெளிந்தது. மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்யச் செய்ய, வாரங்கள் நாள்களாயின; ஈற்றில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. பிறர் அருவருத்து ஒதுக்கிய அடிச்சேறே மருந்தாயிற்று. 1914ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட இம்முறைக்குச் செயலூக்கிய சேற்று முறை என்று பெயர். உயிர்ச்சேறு என்று சுருக்கமாக நாம் வழங்கலாம். அதன் ஆற்றலெல்லாம் அதில் வாழும் உயிர்களின் ஆற்றலே. உலகின் பெருநகரங்களிற் பலவும் இன்றும் இம்முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ நம்பியே தம் கழிவுநீரைத் தூய்மையாக்குகின்றன.

அந்த ஃபௌலரே 1916ஆம் ஆண்டளவிற் பெங்களூருக்குப் பேராசிரியராக வந்தார். ஜம்ஷெட்ஜி தாத்தாவின் கொடையால் எழுந்து 1909ஆம் ஆண்டு உருப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு உயிர்ச்சேற்றுக் கலை இவ்வாறு நேர்வழியாகவே வந்து சேர்ந்தது. அவருக்குப் பின் உயிரிரசாயனத் துறையை நடத்தியவர் ரோலண்ட் நொரிஸ். இவரை இலங்கையர் மறக்கலாகாது. பெங்களூரை விட்டகன்றபின் எமது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகி மலைநாட்டிற் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். அதற்கு முன்னர் மக்கரிசன் என்னும் மருத்துவரோடு கூடி, அரிசியுணவுக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924ஆம் ஆண்டு வெளியிட்டவரும் அவரே. நொரிசுக்கு அடுத்து அத்துறையின் தலைமை சுப்பிரமணியனிடம் வந்தது. ஃபௌலர் விட்டுச் சென்ற சாக்கடையும் நொரிஸ் தொட்ட அரிசியும் ஆக இரு மரபுகளும் ஒருவர் கையிலே சேர்ந்தன.

வயற் சேற்றைக் கற்றவருக்கு உயிர்ச்சேறு அந்நியமாகத் தோன்றியிராது. வயல், காற்று மறுக்கப்பட்ட தொட்டி. கழிவுநீர்த் தொட்டி, காற்றூட்டப்பட்ட வயல். முன்னதில் நைதரசன் அமோனியாவாகி நிற்கிறது. பின்னதில் நைத்திரேற்றாகித் தெளிகிறது. இரண்டிலும் வேலை செய்வோர் கண்ணுக்குத் தெரியாத கூலிகளே. அக்கூலிகள் யார் என்ற வினாவிலேதான் சுப்பிரமணியனும் அவரது உடனாய்வாளர் எஸ். சி. பிள்ளையும் உலகத்தோடு முரண்பட்டனர்.

கழிவுநீரைத் தூய்மையாக்குவன பற்றீரியாக்கள் என்பது அன்றைய பொதுக் கொள்கை. பெங்களூர் அறிஞர் இருவரும் நுணுக்குக்காட்டியினூடாக உயிர்ச்சேற்றை உற்று நோக்கியபோது வேறொரு கூட்டம் அவர்கள் கண்ணைக் கவர்ந்தது. மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தலை, அதன் விளிம்பிலே சுழன்றடிக்கும் நுண்மயிர்கள், தலையைத் தாங்கும் மெல்லிய காம்பு. காம்புகள் பல ஒன்றுகூடிப் பூங்கொத்துப் போன்ற தோற்றம். எப்பிஸ்டைலிஸ், வோட்டிசெல்லா எனப் பெயர் பெற்ற இவை பற்றீரியாவினும் பன்மடங்கு பெரியவை. புரட்டோசோவா என்னும் ஓருயிர்க்கல விலங்கினத்தைச் சேர்ந்தவை. நுண்மயிர்களால் நீரைச் சுழலச் செய்து, அதில் மிதந்து வரும் பற்றீரியாக்களை விழுங்கி வாழ்பவை. சேறு நலமாக இருக்கும்போது இவை மலிந்திருந்தன. பற்றீரியாக்களை மட்டும் விட்டுக் காற்றூட்டினால் நீர் கலங்கலாகவே நின்றது. புரட்டோசோவாக்கள் பெருகியபோதே அது தெளிந்தது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, தூய்மைப் பணியிற் புரட்டோசோவாக்களே தலைமக்கள், பற்றீரியாக்கள் துணைமாந்தர் என்று அவர்கள் முடிவு கட்டினர். 1942ஆம் ஆண்டிலும் 1944ஆம் ஆண்டிலும் இலண்டனின் நேச்சர் ஏட்டிலே அம்முடிவு வெளிவந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

மேலைநாட்டு அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. நடுநிலையிற் கூறுவதாயின், அவர்கள் மறுத்ததிலும் நியாயம் உண்டு. கரைந்துள்ள அழுக்கை உண்டு ஒட்சியேற்றும் பெருவேலை பற்றீரியாக்களுடையதே என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுள்ளது. ஆயினும் 1968ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திற் கேட்ஸ் முதலியோர் செய்த சோதனைகளில், நுண்மயிர்ப் புரட்டோசோவா இல்லாத தொட்டியின் நீர் கலங்கியும், அவற்றை விட்டபின் அதே நீர் தெளிந்தும் காணப்பட்டது. பெங்களூர் அறிஞர் கண்ணாற் கண்டது முற்றும் உண்மை. அதற்கு அவர்கள் கொடுத்த அளவே மிகை. இத்தகைய மிகையை நான் பெருங்குற்றமாகக் கருதேன். புறக்கணிக்கப்பட்ட ஒன்றை உலகம் திரும்பிப் பார்க்கும்படி செய்தவர்கள் பெரும்பாலும் சற்று உரக்கவே கூவியிருக்கிறார்கள்.

கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் நீரே. எஞ்சிய சிறு பங்கிலே நைதரசனும் பொசுபரசும் பொற்றாசும் உள்ளன. வயலுக்கு உரமின்றி ஏங்கும் நாடு தன் நகரங்கள் வழியாக அவ்வுரத்தை ஆற்றுக்கும் கடலுக்கும் வார்த்துக்கொண்டிருப்பது பெங்களூர் ஆய்வாளரை வருத்தியது. கழிவுநீர்ப் பாசனம் பற்றி அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். தூய்மையாக்காத கழிவைப் பயிருக்கு விடுவதால் வரும் குடற்புழுவும் நோயும் அறியாத காலமன்று அது. ஆகவே முதலிற் சேற்று முறையாற் தெளிவித்து, அதன்பின் நிலத்துக்குப் பாய்ச்சுவதே ஏற்றதென்பது இவ்வாராய்ச்சிகளின் போக்கு.

போர் வந்தது, உணவு பற்றிய வினா உரத்த குரலில் எழுந்தது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. இலங்கையிலும் திருவிதாங்கூரிலும் வங்காளத்திலும் அதன் வேதனை வேறு வேறு வடிவிலே தோன்றியது. எமது வீடுகளில் மரவள்ளிக் கிழங்கும் கோதுமை மாவும் உரிமையோடு குடிபுகுந்தது அக்காலத்திலேதான். வங்காளத்திலோ 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் முப்பது இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர் என்று கணிக்கப்படுகிறது. பெங்களூர் ஆய்வுகூடம் சோயா அவரையிலிருந்து பால் போன்றதொரு பானத்தை ஆக்கி, அதன் ஊட்டத்தை ஆராயத் தொடங்கியது. தே, தேசிகாச்சார் முதலிய இளைஞர் அவ்வேலையில் அவரோடு நின்றனர். சாக்கடைத் துறையினர் பாற்பானம் செய்கிறார்களே என்று எவரேனும் முகஞ்சுளித்திருந்தால் வியப்பில்லை. ஆயின் நைதரசனைப் பின்தொடர்ந்து செல்பவனுக்கு இது நேர்வழியே. சேற்றில் அமோனியாவாக நின்றது பயரிலே புரதமாகிறது. புரதமே உடலுக்குத் தசையாகிறது. உடல் கழித்தது மீண்டும் சேற்றுக்கு வருகிறது.

இந்தியா விடுதலை பெற்றபின், மைசூர் அரசு வழங்கிய செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட மாளிகை. அதன் கூடங்களிற் கடலைப் பிண்ணாக்கும் எருமைப்பாலும் நெல்லும் வந்து குவிந்தன. முதற் பணிப்பாளராகிய சுப்பிரமணியன் 1963ஆம் ஆண்டு வரை அங்கே தலைமை தாங்கினார்.

அந்நிலையத்தின் முயற்சிகளுள் மிகவும் பேசப்பட்டது இந்தியப் பல்பயன் உணவு. அதன் கருத்து அமெரிக்காவிற் பிறந்தது. கலிபோர்னியாவில் ஹென்றி போர்சூக் என்னும் உயிரிரசாயன அறிஞர், சோயாவை அடிப்படையாகக் கொண்டு, இரண்டு அவுன்சு மாவில் ஒருவேளை ஊட்டம் தரும் மலிவான உணவொன்றை 1940களில் ஆக்கியிருந்தார். சுப்பிரமணியனும் அவரது குழுவினரும் அதனை அப்படியே கொண்டுவரவில்லை. தென்னிந்தியாவிலே மலிந்து கிடந்தது நிலக்கடலை. நாம் கச்சான் என்பது. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்கும் எருவுக்கும் போயிற்று. எண்ணெய் நன்கு நீக்கிய கடலை மாவிலோ ஏறக்குறைய பாதி புரதம். தூய முறையில் எடுத்த அம்மாவில் 75 பங்கும் கொண்டைக் கடலை மாவில் 25 பங்கும் கலந்து, விற்றமின்களும் கல்சியமும் சேர்த்தனர். பாடசாலைச் சிறார்க்கும் நலிந்தோர்க்கும் அது வழங்கப்பட்டது.

அதனினும் துணிவான முயற்சி செயற்கை அரிசி. மரவள்ளி மாவையும் கடலை மாவையும் கோதுமையையும் பிசைந்து, பொறியிலே அழுத்தி, அரிசிமணி வடிவில் அரிந்து உலர்த்தினர். மரவள்ளியில் மாப்பொருள் மிகுதி, புரதம் சொற்பம். கடலை அக்குறையை ஈடுசெய்யும். கணக்கு வழுவற்றது. உண்ணவேண்டியவர்கள்தாம் உடன்படவில்லை. சோறு என்பது வெறும் மாப்பொருளும் புரதமும் அன்றே! வடிக்கும்போது எழும் மணம், விரல்களிடையே உதிரும் பதம், மறுநாட் பழஞ்சோற்றின் புளிப்பு ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே சோறு. இலங்கையில் 1953ஆம் ஆண்டு பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடே கடையடைத்து எழுந்ததையும், பிரதமர் பதவி துறக்க நேர்ந்ததையும் அறிந்த எமக்கு, அரிசிக்கு மாற்றாக மாவுமணியை மக்கள் ஏற்காமை புதிராகத் தோன்றாது. செயற்கை அரிசி சந்தையில் நிலைக்கவில்லை.

கடலை மாவுக்கும் ஓர் இடையூறு வந்தது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிகள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் விளைத்த நஞ்சே காரணம் என்று கண்டு, அதற்கு அஃபிளாற்றொட்சின் என்று பெயரிட்டனர். ஈரம் படிந்த கடலை எங்குண்டோ அங்கெல்லாம் அந்நஞ்சு தோன்றலாம் என்பது தெரியவந்ததும், கடலையையே நம்பியிருந்த குழந்தை உணவுகள் யாவும் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. பின்னர், புரதக் குறைவே வறிய நாடுகளின் முதற் குறை என்ற கொள்கையும் ஆட்டங்கண்டது. வயிறார உண்பவனுக்குப் புரதமும் பெரும்பாலும் போதிய அளவு கிடைத்துவிடும், குறைவது உணவின் மொத்த அளவே என்று இந்தியப் புள்ளிவிவர அறிஞர் சுகாத்மே வாதித்தார். 1974ஆம் ஆண்டு மக்லாரன் என்பவர் இலண்டன் மருத்துவ ஏடொன்றிலே அக்கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். சுப்பிரமணியன் உயிரோடிருந்த காலத்திலேயே இவை நிகழ்ந்தன. அவரது தலைமுறையின் பெருமுயற்சிகளுட் சில, பசித்தவனுக்கு உணவு வாங்கப் பணமில்லை என்ற எளிய உண்மையை இரசாயனத்தால் நிரப்ப முயன்றவை என்று கூறினால் அது கடுமையான தீர்ப்பாயினும் பொய்த் தீர்ப்பாகாது.

எருமைப்பால் விடயத்தில் வெற்றி தெளிவானது. எருமைப்பாலிற் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்களவு; பசுப்பாலில் உள்ளதைவிட வெகு அதிகம். பாற்புரதமும் அவ்வாறே. கிழக்கிலங்கையின் சட்டித் தயிர் கத்தியால் வெட்டுமளவு கட்டியாக உறைவது இதனாலேதான். அந்தக் கட்டியே பச்சிளங் குழந்தையின் வயிற்றுக்கு ஆகாதது. மைசூர் ஆய்வாளர் கொழுப்பைக் குறைத்து, உறைவின் இறுக்கத்தைத் தளர்த்தி, எளிதிற் செரிக்கும் பால்மாவாக அதனை மாற்றினர். குஜராத்தின் ஆனந்த் நகரத்துப் பாற் கூட்டுறவுச் சங்கம், அமுல் என்னும் பெயரோடு, அம்முறையைக் கொண்டு குழந்தைப் பால்மாவை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

எமது கரைக்கு மிக நெருங்கியது அவரது புழுங்கலரிசி ஆராய்ச்சி. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றும் வழக்கம் தமிழருக்கும் சோனகருக்கும் பொதுவான பழஞ்சொத்து. அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி1 அரிசியின் உள்ளே ஊறிச் செல்கிறது. மாப்பொருள் இறுகி மணி உடையாது நிற்கிறது. ஆகவே ஆலையிலே தீட்டினாலும் சத்து முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. ஆலையில் தீட்டிய பச்சையரிசி உண்ட ஆந்திரக் கரையோரத்திற் பெரிபெரி நோய் நிலைகொண்டிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழகத்தை அது அணுகாதிருந்ததன் காரணம் இதுவே.

ஆயின் புழுங்கலரிசிக்கு ஒரு பழியும் உண்டு. தொட்டியிலே குளிர்நீரில் இரண்டு மூன்று நாள் ஊறும் நெல் புளித்து நாறும். அந்நாற்றம் அவித்தபின்னும் சோற்றை விட்டு நீங்காது. பட்டணத்து மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பச்சையரிசிக்கு மாறினர். இவ்விடத்திலேதான் பழைய சேற்றறிஞரின் கண் உதவியது. ஊறல் தொட்டி என்பது நீர் தேங்கிய வயலைப் போன்றதே: காற்றில்லை, நெல்லிலிருந்து கரைந்த சர்க்கரையும் புரதமும் உணவாக உள்ளன, நுண்ணுயிர்கள் பெருகிப் புளிக்கச் செய்கின்றன. அவை வாழ முடியாத வெப்பத்தில், அவை பெருகுவதற்கு நேரமே கொடாது ஊறவைத்தால் நாற்றம் பிறப்பதெங்ஙனம்? சுப்பிரமணியனும் தேசிகாச்சாரும் பாட்டியாவும் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இவ்வழியைக் காட்டிற்று. ஏறத்தாழ 70 பாகை வெப்பமுள்ள நீரிலே மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நீராவியால் அவிப்பதே அம்முறை. மூன்று நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. அரிசியின் நிறமும் மணமும் திருந்தின. மைசூர் முறை என்று ஆலைக்காரர் வழங்கிய இது தென்னாசியாவின் நெல்லாலைகளெங்கும் பரவியது. அவர் செய்தவற்றுள் மிகப் பெரும்பாலோர் வாயை எட்டியது இதுவே என்பது என் கருத்து. செயற்கை அரிசியை மறுத்த மக்கள், தம் சொந்த அரிசியைத் திருத்திக் கொடுத்தபோது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டனர்.

மைசூர்ப் பதவியை விட்டபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1960களின் நடுவிற் காவிரிக் கழிமுகத்திலே ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் பரவியது. விளைச்சல் மிகுதி. ஆனால் குறுவை அறுவடை மழைக்காலத்தோடு மோதியது. களத்திலே குவித்த நெல் ஈரத்தோடு சூடேறி முளைவிட்டது, பூஞ்சணம் பிடித்தது. வயலில் வென்றதைக் களத்திலே தோற்பது என்பது உழவனுக்கு எத்தகைய கொடுமை என்பதை, பெரும்போக அறுவடை வேளையிற் பெய்யும் மழையைக் கண்ட எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

திருவாரூரிலே கூட்டுறவு நெல்லாலையைச் சார்ந்து 1967ஆம் ஆண்டு எழுந்த சிறிய ஆய்வுகூடத்துக்கு அவர் வழிகாட்டினார். மாளிகையில் இருந்தவர் ஆலையின் புழுதிக்கு வந்து சேர்ந்தார். ஈர நெல்லை உலர்த்தப் பெரும்பொறி வாங்க வகையற்ற உழவனுக்கு என்ன செய்வது என்பதே அங்கே அவர்முன் நின்ற வினா. உமியையும் கறியுப்பையும் ஈர நெல்லோடு கலந்து வைக்கும் முறையை அவ்வாய்வுகூடம் கண்டது. உப்பு ஈரத்தை இழுக்கும். முளையையும் பூஞ்சணத்தையும் அடக்கும். உமி ஈரத்தை வாங்கிக் காற்றுக்கு இடம்விடும். இரண்டும் எவர் வீட்டிலும் கிடைப்பவை. அழுத்தமுள்ள நீராவியைக் கொண்டு மிகக் குறைந்த நேரத்திற் புழுக்கும் முறையும் திருவாரூரிலே உருவானதே. 1972ஆம் ஆண்டு அது நெற்பதன ஆராய்ச்சி நிலையமாயிற்று. அவர் மறைந்தபின், 1984ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தது. பிற்காலத்திற் பெயரும் பரப்பும் விரிந்து, இன்று இந்திய மத்திய அரசின் உணவுத் தொழினுட்பக் கல்விக்கூடமாக இயங்குகிறது.

அவர் தொடங்கிய வேலையில் ஒரு பங்கு இன்னும் எம் கையிலே உள்ளது. புழுங்கல் ஆலையொன்றிலே ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் செலவாகிறது. வடித்த நீர் மஞ்சள் நிறங்கொண்டு, நெல்லிலிருந்து கரைந்தவற்றையெல்லாம் சுமந்து வெளியேறுகிறது. நாற்றம் அரிசியை விட்டு நீங்கியதேயன்றி அந்நீரை விட்டு நீங்கவில்லை. வாய்க்காலில் அதனை விட்டால் வாய்க்காலின் ஒட்சிசனை அது உண்டுவிடும், மீன் மிதக்கும். அம்பாறை மாவட்டத்தின் நெல்லாலைகளுக்கும், களியோடையைப் போன்று கடலை நோக்கிச் செல்லும் சிற்றாறுகளுக்கும் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

அந்நீரைத் தெளிவிக்கும் வழியும் மான்செஸ்டர்ப் போத்தலிலே தொடங்கிய பழைய வழியே: தொட்டியில் தேக்கிக் காற்றூட்டி உயிர்ச்சேற்றை வளர்ப்பது. அத்தகைய தொட்டிகளை நடத்துவோர் சேற்றில் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் இட்டுப் பார்ப்பது வழக்கம். காம்பிலே நின்று நுண்மயிர் சுழற்றும் மணியுருவ உயிர்கள் போதிய அளவு தென்பட்டால், தொட்டி நலமாக இருக்கிறதென்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குச் செல்கிறார்கள்.